காசும் இல்லை, களவும் இல்லை

நாம் படிக்கக் கற்றுக்கொண்டோம். பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கிறோம். மருந்துப் பட்டையில் தேதி பார்க்கிறோம். வங்கியில் கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறோம்.

சரி, இனி எதைப் படிப்பது?

இது சின்னக் கேள்வி அல்ல. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். இறைக்காத கிணறு தூர்ந்துபோகும். எழுத்தும் அப்படித்தான். தினமும் நாலு பக்கம் படித்தால் வேகம் கூடும். மாதக் கணக்கில் எதையும் படிக்காமல் விட்டால், கற்ற எழுத்து கைநழுவிப் போகும். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து கற்ற எழுத்து அல்லவா? அதை விடலாமா?

படிக்க வேண்டுமானால் புத்தகம் வேண்டும். புத்தகக் கடை நகரத்தில் இருக்கிறது. போய்வரப் பேருந்துச் செலவு. புத்தகத்தின் விலை இருநூறு, முந்நூறு ரூபாய். ஊர் நூலகம் இருந்தாலும், நாம் வேலை முடித்து வரும் நேரத்தில் அது பூட்டியிருக்கும்.

ஆனால் பல வீடுகளில் இன்று செல்போன் இருக்கிறது. அந்தச் செல்போனுக்குள் ஆயிரக்கணக்கான புத்தகங்களை வரவழைக்கலாம். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. யார் பொருளையும் திருட வேண்டியதில்லை. சட்டமே அதற்கு வழி விட்டிருக்கிறது.

அந்த வழி எது? எந்தப் புத்தகத்தை இலவசமாக எடுக்கலாம்? எதை எடுக்கக் கூடாது? வாருங்கள், பார்ப்போம்.

மின்நூல் என்றால் என்ன?

தாளில் அச்சடித்தால் அது அச்சு நூல். செல்போன் திரையிலோ கணினித் திரையிலோ படிக்கும்படி செய்தால் அது மின்நூல்.

மின்நூலில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று பி.டி.எஃப். இன்னொன்று ஈபப். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வேறுபாடு எளிது.

பி.டி.எஃப். என்பது அச்சிட்ட பக்கம் போன்றது. சில சமயம், தாள் பக்கத்தைப் படம் பிடித்து அப்படியே வைத்திருப்பார்கள். செல்போனில் திறந்தால் எழுத்து எறும்பு போலத் தெரியும். விரலால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும்.

ஈபப் அப்படி அல்ல. அதில் எழுத்து தண்ணீர் போல. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்தப் பாத்திரத்தின் வடிவத்துக்கு வரும். எழுத்தைப் பெரிதாக்கினால், வரி தானாகவே மடங்கி அடுத்த வரிக்கு வரும். திரை சிறியதோ பெரியதோ, கவலை இல்லை.

இது நமக்குப் பெரிய வசதி. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் படிக்கத் தொடங்கியவர்களுக்குச் சின்ன எழுத்து கண்ணை உறுத்தும். ஒரு பக்கத்தில் முப்பது வரி இருந்தால் மலைப்பாக இருக்கும். ஈபப் நூலில் ஒரு திரைக்கு எட்டு வரி மட்டும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எந்தப் புத்தகமும் பெரிய எழுத்துப் புத்தகம் ஆகிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. எழுத்து மட்டும் உள்ள ஈபப் சிறிய கோப்பு. பக்கங்களைப் படம் பிடித்த பி.டி.எஃப். அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே ஈபப் எடுத்தால் இணையச் செலவு குறையும்.

படிப்பதற்கென்றே தனிக் கருவிகளும் உண்டு. கிண்டில், கோபோ போன்றவை. இவற்றின் திரை செல்போன் திரை போல் கண்ணில் ஒளியை அடிப்பதில்லை. தாளைப் போல, வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியும். வெயிலிலும் படிக்கலாம். ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாட்கள் தாங்கும். ஆனால் விலை ஆயிரக்கணக்கில் ஆகும். அது இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. செல்போனே போதும். ஒரு தெருவுக்கோ, ஒரு மகளிர் குழுவுக்கோ, ஒரு படிப்பகத்துக்கோ ஒரு கருவியைப் பொதுவில் வாங்கி வைத்தாலும் நல்லதுதான்.

புத்தகம் யாருக்குச் சொந்தம்?

ஒரு நிலத்துக்குப் பட்டா உண்டு. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ, அவருக்கு நிலம் சொந்தம். அவரைக் கேட்காமல் அதில் யாரும் விதைக்க முடியாது, அறுக்க முடியாது.

புத்தகத்துக்கும் அப்படி ஓர் உரிமை உண்டு. அதற்குப் பதிப்புரிமை என்று பெயர். புத்தகத்தை எழுதியவருக்கு அந்த உரிமை சொந்தம். அவர் அதைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம். அவரைக் கேட்காமல் வேறு யாரும் புத்தகத்தை அச்சடித்து விற்கக் கூடாது. நகல் எடுத்து இணையத்தில் பரப்பவும் கூடாது.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். தெரிந்தே இந்த உரிமையை மீறுகிறவருக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. சட்டம் சொல்லும் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? யோசித்துப் பாருங்கள். நெசவாளி பத்து நாள் உட்கார்ந்து ஒரு சேலை நெய்கிறார். அதை ஒருவர் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? எழுத்தாளரும் ஓர் உழைப்பாளிதான். ஒரு புத்தகம் எழுத ஓராண்டு ஆகலாம், ஐந்தாண்டும் ஆகலாம். அந்தப் புத்தகம் நூறு ரூபாய்க்கு விற்றால், எழுதியவர் கைக்குப் பத்து ரூபாய் அளவில் வருவதுதான் பொதுவான வழக்கம். அந்தப் பத்து ரூபாயும் வராவிட்டால், அவர் அடுத்த புத்தகம் எழுதுவது எப்படி?

ஆகவே இலவசம் என்பது வேறு. நியாயம் என்பது வேறு. ஒரு பொருள் சும்மா கிடைக்கிறது என்பதாலேயே அது நமக்கு உரியது ஆகிவிடாது.

மூன்று வாசல்கள்

அப்படியானால் இலவசமாக எடுக்கக்கூடிய புத்தகமே இல்லையா? ஏராளமாக இருக்கிறது. ஊரில் பட்டா நிலமும் உண்டு, பொதுக் குளமும் உண்டு அல்லவா? பொதுக் குளத்தில் எல்லோரும் தண்ணீர் மொள்ளலாம். புத்தகம் பொதுக் குளத்துக்கு வருவதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வாசல்: காலம் முடிதல்.

பதிப்புரிமை என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. எழுத்தாளர் வாழும் காலம் முழுவதும் உண்டு. அவர் இறந்த பிறகு மேலும் 60 ஆண்டுகள் உண்டு. அதற்குப் பிறகு புத்தகம் எல்லோருக்கும் பொது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அவர் இறந்த ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு 60-ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. மறுநாள் ஜனவரி 1 முதல் புத்தகம் பொது.

மகாத்மா காந்தி 1948-இல் மறைந்தார். 1948-உடன் 60-ஐக் கூட்டினால் 2008. காந்தியின் எழுத்துகளுக்கு உரிமை வைத்திருந்தது அகமதாபாத்தில் உள்ள நவஜீவன் அறக்கட்டளை. 2008 முடிந்ததும் அந்த உரிமை முடிந்தது. 2009 ஜனவரி 1 முதல் காந்தியின் நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம்.

எழுத்தாளர் கல்கி 1954-இல் மறைந்தார். 60-ஐக் கூட்டினால் 2014. ஆக, காலக் கணக்கின்படியே 2015 முதல் அவருடைய நாவல்கள் பொது.

60 என்ற இந்தக் கணக்குக்கு ஒரு கதை உண்டு. முதலில் நம் சட்டத்தில் 50 ஆண்டுகள் என்றுதான் இருந்தது. கவி ரவீந்திரநாத் தாகூர் 1941-இல் மறைந்தார். 50 ஆண்டுக் கணக்கின்படி 1991-ஆம் ஆண்டோடு அவருடைய நூல்களின் உரிமை தீர வேண்டும். அவர் நிறுவிய விஸ்வபாரதியிடம் அந்த உரிமை இருந்தது. அது தீரும் வேளையில், காலத்தை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1992-இல் சட்டம் திருத்தப்பட்டது. 50 என்பது 60 ஆனது. அதனால் தாகூரின் நூல்கள் பத்தாண்டு கழித்து, 2002-இல்தான் பொதுவுக்கு வந்தன.

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் 1936-இல் மறைந்தார். அப்போதைய 50 ஆண்டுக் கணக்கிலேயே, 1986 முடிவோடு அவருடைய நூல்கள் பொதுவாகிவிட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூல நூல் வேறு, மொழிபெயர்ப்பு வேறு. பிரேம்சந்தின் இந்தி நாவல் இன்று எல்லோருக்கும் பொது. அதை ஒருவர் அண்மையில் தமிழில் மொழிபெயர்த்திருந்தால், அந்தத் தமிழ் நூல் மொழிபெயர்த்தவருக்குச் சொந்தம். உரை நூலும் அப்படித்தான். திருக்குறள் எல்லோருக்கும் பொது. ஆனால் இன்று வாழும் ஒருவர் குறளுக்கு எழுதிய உரை அவருடைய உழைப்பு. அதை அவரைக் கேட்காமல் நகல் எடுக்கக் கூடாது. அதே போல, ஆசிரியர் மறைந்த பிறகு முதன்முறையாக வெளிவந்த நூலுக்கு, அது வெளிவந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும்.

இரண்டாம் வாசல்: நாட்டுடைமை.

காலம் முடியும் முன்பே ஒரு புத்தகத்தைப் பொதுவாக்க முடியுமா? முடியும். அரசாங்கம் எழுத்தாளரின் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து, நூல்களை மக்களுக்குப் பொதுவாக்கலாம். இதைத்தான் நாட்டுடைமை என்கிறோம்.

மகாகவி பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்கள் வெவ்வேறு கைகளில் இருந்தன. பாரதி பாட்டைப் பாடுவதற்குக்கூட உரிமை கேட்க வேண்டிய நிலை இருந்தது. விடுதலை பெற்ற நாட்டில் பாரதி பாட்டு மக்களுக்குப் பொதுவாக வேண்டும் என்று பலரும் குரல் கொடுத்தார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாண அரசு அந்த உரிமையைப் பெற முடிவு செய்தது. பின்னர் பாரதியின் எழுத்து மக்களுக்கே சொந்தமாயிற்று.

அதன்பின் தமிழ்நாட்டில் பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியுள்ளன. குடும்பத்துக்கும் தொகை கிடைத்தது. மக்களுக்கும் புத்தகம் கிடைத்தது.

மூன்றாம் வாசல்: எழுதியவரே மனமுவந்து கொடுப்பது.

இன்று உயிரோடு இருக்கும் எழுத்தாளர்கள் சிலர், என் புத்தகத்தை எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இதற்கென்று கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம முறை இருக்கிறது. தமிழில் படைப்பாக்கப் பொதுமங்கள் என்றும் சொல்கிறார்கள். புத்தகத்தின் முதல் பக்கங்களில் இந்தப் பெயரைப் பார்த்தால், எழுதியவர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று பொருள். என்ன அனுமதி என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். சிலர், படிக்கலாம், பகிரலாம், ஆனால் விற்கக் கூடாது என்பார்கள். சிலர், என் பெயரைப் போட்டால் போதும், எதற்கும் பயன்படுத்தலாம் என்பார்கள். அவர் சொன்ன நிபந்தனையை நாம் மதிக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

வாசல் தெரிந்தது. இனி வீடு தெரிய வேண்டும். நம்பிப் போகக்கூடிய சில இடங்களை இங்கே சொல்கிறோம். இவற்றின் பெயரைத் தமிழிலேயே தட்டித் தேடலாம். தட்டத் தெரியாவிட்டால், தேடும் இடத்தில் உள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு வாயால் சொன்னாலும் போதும்.

மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் உள்ள தமிழர்கள் ஊதியம் வாங்காமல், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இணையத்தில் வைத்தார்கள். அவர்கள் முதலில் ஏற்றிய நூல் திருக்குறள். சங்க நூல்கள் முதல் கல்கியின் நாவல்கள் வரை இங்கே உண்டு. ஒரே நூல் பல வடிவங்களில் இருந்தால் யூனிகோடு என்று எழுதியிருப்பதை எடுங்கள். பழைய எழுத்துருவில் உள்ளதைத் திறந்தால், செல்போனில் எழுத்து கோணல்மாணலாகத் தெரியலாம்.

தமிழ் மின்னூலகம். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துவது. நாட்டுடைமை ஆன நூல்களும், அரிய பழைய நூல்களும், பழைய இதழ்களும் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் பக்கங்களைப் படம் பிடித்த பி.டி.எஃப். ஆக இருக்கும். பெரிய திரை இருந்தால் படிக்க வசதி.

விக்கிமூலம். விக்கிப்பீடியாவை நடத்தும் அமைப்பின் நூலகம் இது. தமிழ், வங்காளம், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று பல இந்திய மொழிகளில் உண்டு. பழைய நூலின் பக்கத்தை ஒரு பக்கமும், தட்டச்சு செய்த எழுத்தை மறுபக்கமும் வைத்து, தன்னார்வலர்கள் வரி வரியாகத் திருத்துகிறார்கள். திருத்திய நூலை ஈபப் ஆக இறக்கிக்கொள்ளலாம்.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். 2013-இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. இன்றைய எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுத்த கதை, கவிதை, கட்டுரை, அறிவியல், கணினி நூல்கள் இங்கே உள்ளன. ஈபப் வடிவம் உண்டு. படிப்புக் கருவியின் ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப். வடிவமும் உண்டு.

ஸ்டோரிவீவர். பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸ் என்ற லாபநோக்கமற்ற பதிப்பகம் நடத்துவது. 2015-இல் உலக எழுத்தறிவு நாளான செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. படம் போட்ட சிறுவர் கதைகள் பல இந்திய மொழிகளில் உள்ளன. கதைகளை எளிது முதல் கடினம் வரை நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். புதிதாகப் படிக்கத் தொடங்கியவர் முதல் நிலையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறலாம். சிறுவர் கதைதானே என்று கூச்சப்பட வேண்டாம். பேரனோடும் பேத்தியோடும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் இருவருக்கும் படிப்பு வளரும்.

இந்திய தேசிய மின்னூலகம். மத்தியக் கல்வி அமைச்சகத்துக்காக கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கியது. 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அளிக்கப்பட்டது. பல நூலகங்களில் உள்ளவற்றை ஒரே இடத்தில் தேடித் தருகிறது. பல மொழிப் பாடநூல்களும் ஆய்வு நூல்களும் கிடைக்கும். சிலவற்றைப் படிக்க அனுமதி தேவைப்படலாம். எல்லோருக்கும் திறந்தது என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பள்ளிப் பாடநூல்கள். என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பள்ளிப் பாடநூல்களை அதன் இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் அரசின் இணையதளத்தில் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு இது கைகொடுக்கும்.

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குக் குட்டன்பர்க் திட்டம். மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்கர் 1971-இல் தொடங்கினார். அமெரிக்க விடுதலை அறிக்கையைக் கணினியில் தட்டி எல்லோருக்கும் கிடைக்கச் செய்ததுதான் இதன் தொடக்கம். உலகின் முதல் மின்நூல் என்று பலரும் இதையே சொல்கிறார்கள். இன்று 70,000-க்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே உள்ளன. அமெரிக்கச் சட்டப்படி உரிமை முடிந்த நூல்களைத்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுக் கணக்கு 60 ஆண்டு என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பெரிய இடமும் உண்டு. 1996-இல் தொடங்கியது. அதில் அரிய இந்திய நூல்கள் நிறைய உள்ளன. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் நூலை ஏற்றலாம். உரிமை முடியாத நூலையும் சிலர் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே அங்கே எடுக்கும்போது நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எப்படி இறக்குவது?

முதலில் செல்போனில் ஈபப் நூலைத் திறக்கும் ஆப் ஒன்று வேண்டும். கூகுள் ப்ளே புக்ஸ் அதில் ஒன்று. நாம் இறக்கிய ஈபப் நூலை அதில் ஏற்றிப் படிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

பிறகு, மேலே சொன்ன இடங்களில் ஒன்றைத் திறந்து, நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ தேடுங்கள்.

நூல் கிடைத்ததும், முதல் பக்கங்களைப் பாருங்கள். ஆசிரியர் யார்? உரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறது? மூன்று வாசல்களில் எந்த வாசல் வழியாக இது வந்தது?

சரியாக இருந்தால் ஈபப் என்ற சொல்லைத் தொட்டு இறக்குங்கள். ஈபப் இல்லையென்றால் பி.டி.எஃப். எடுங்கள்.

இறக்கியதைத் திறந்து, எழுத்தளவு என்ற இடத்தில் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்குங்கள். ஒரு முறை இறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. சிக்னல் கிடைக்காத காட்டிலும் வயலிலும் உட்கார்ந்து படிக்கலாம்.

கிண்டில் கருவி வைத்திருப்பவர்கள், அந்தக் கருவிக்கென்று உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு ஈபப் நூலை அனுப்பினால் அது கருவியில் வந்து சேரும். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது.

ஏமாறாமல் இருக்க

இணையம் திருவிழாக் கூட்டம் போன்றது. நல்ல கடையும் இருக்கும், முடிச்சவிழ்க்கிறவனும் இருப்பான். நான்கு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று: இலவசப் புத்தகம் என்று சொல்லிவிட்டு வங்கி அட்டை எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள். இலவசத்துக்கு எதற்கு அட்டை எண்?

இரண்டு: செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். புத்தகம் படிக்க ஓ.டி.பி. கொடுத்துப் பணத்தை இழக்க வேண்டாம்.

மூன்று: இறக்கும் கோப்பின் பெயர் ஈபப் என்றோ பி.டி.எஃப். என்றோ முடிய வேண்டும். ஏ.பி.கே. என்று முடிந்தால் அது புத்தகம் அல்ல. செல்போனுக்குள் புகுந்துகொள்ளும் ஆப். அதைத் திறக்காதீர்கள்.

நான்கு: இந்த ஆண்டு வெளிவந்த நாவல், இன்று கடையில் விலைக்கு விற்கும் நூல், யாரோ முகம் தெரியாத இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறதா? எழுதியவரோ பதிப்பகமோ கொடுத்ததாக அங்கே எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

சில கேள்விகள், சில பதில்கள்

வாட்ஸ்அப்பில் ஒருவர் புத்தகத்தை அனுப்பினார். நான் திருடவில்லையே?

நீங்கள் திருடவில்லைதான். ஆனால் அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்று பாருங்கள். மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாக வந்திருந்தால் மகிழ்ச்சியாகப் படியுங்கள். நாலு பேருக்கும் அனுப்புங்கள். கொல்லைப்புறமாக வந்திருந்தால், உங்களோடு நிறுத்துங்கள், மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பினால், பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்புவார்கள். ஒரே வாரத்தில் எழுத்தாளரின் ஆண்டு உழைப்பு தெருவில் கிடக்கும்.

எங்களால் விலை கொடுத்து வாங்க முடியாதே, பிறகு புதிய புத்தகத்தை எப்படித்தான் படிப்பது?

நியாயமான கேள்வி. அதற்குத்தான் நூலகம் இருக்கிறது. நூலகம் புத்தகத்தை விலை கொடுத்து வாங்குகிறது. எழுதியவருக்குப் பங்கு போகிறது. நாம் இலவசமாகப் படிக்கிறோம். உங்கள் ஊர் நூலகத்தில் அந்தப் புத்தகம் இல்லையென்றால், வாங்கும்படி எழுதிக் கொடுங்கள். நூலகம் மாலையில் திறந்திருக்க வேண்டும் என்றால், அதையும் மனுவாக எழுதிக் கொடுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டோமே!

அச்சிட்ட மின்நூல் பக்கங்களைப் படிப்பகத்தில் வைக்கலாமா?

உரிமை முடிந்த நூலென்றால் தாராளமாக அச்சடித்து வைக்கலாம். நாட்டுடைமை ஆன நூலையும் வைக்கலாம். ஆசிரியர் உரிமம் கொடுத்த நூலென்றால், அதில் அச்சடிக்க அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் பார்வை இல்லாதவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்குச் சட்டம் தனி வழி விட்டிருக்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கு ஏற்ற வடிவில் ஒரு நூலை மாற்றித் தரலாம். அது திருட்டு ஆகாது. உலக நாடுகள் இதற்கென்று மராக்கேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. 2014-இல் அதை முதன்முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் தொடங்கியது. பார்வை இல்லாதவர்களும், வேறு குறைபாட்டால் அச்செழுத்தைப் படிக்க முடியாதவர்களும் அதில் உறுப்பினராகி இந்திய மொழி நூல்களைப் பெறலாம். நம் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தச் செய்தியை அவருக்குப் படித்துச் சொல்வது நம் கடமை.

பொதுக் குளத்தைக் காப்போம்

பொதுக் குளம் தானாக நிறைவதில்லை. வாய்க்காலைத் தூர் வார வேண்டும். கரையைக் காக்க வேண்டும். புத்தகக் குளமும் அப்படித்தான். மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் உள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு தட்டியது. அவர் முகம் நமக்குத் தெரியாது. நமக்காக அவர் உழைத்தார்.

நாமும் அந்த வேலையில் சேரலாம். நன்றாகப் படிக்கப் பழகிய பிறகு, விக்கிமூலத்தில் ஒரு பக்கம் பிழை திருத்தலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை எழுத்து தெரியாமல் இருந்தவர், இன்று ஒரு நூலின் எழுத்துப் பிழையைத் திருத்துகிறார் என்றால், அதைவிடப் பெருமை வேறென்ன?

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் படிப்பதற்கு எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன? கடைசியாக எப்போது ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தீர்கள்?

2. 1970-இல் மறைந்த ஓர் எழுத்தாளரின் நூல் எந்த ஆண்டு பொதுவுக்கு வரும்? கணக்குப் போடுங்கள்.

3. உங்கள் குழுவில் யாருடைய செல்போனில் இணையம் இருக்கிறது? இன்று மாலை எல்லோரும் கூடி, ஒரு நூலைத் தேடி இறக்குங்கள். அது எந்த வாசல் வழியாக வந்தது என்று கண்டுபிடியுங்கள்.

4. இறக்கிய நூலில் ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள். மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.